ஆவண ஒளிப்படங்களைச் சுவரில் மாட்டும்போது அருகில் என்ன எழுதுவது?

அலைவாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகப் பணிபுரிகிறேன். ஒளிப்படம் எடுப்பதில் ஓரளவு பழக்கம் உண்டு என்றாலும், காட்சி அமைப்பதில் இதுவே முதல் அனுபவம். சென்ற ஆண்டு எங்களுக்கு ஒரு பெட்டி நிறையக் கருப்பு வெள்ளை அச்சுகள் நன்கொடையாக வந்தன. கொள்கலன்கள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, துறைமுகத்தில் முதுகிலும் தலையிலும் சரக்கு சுமந்த தொழிலாளர்களை ஒரே கலைஞர் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த படங்கள் அவை. அவர் இப்போது உயிருடன் இல்லை. பெட்டியிலிருந்து 60 படங்களைத் தேர்ந்தெடுத்து ஆவண ஒளிப்படக் காட்சியாக வைப்பதென்று முடிவாகியிருக்கிறது. படக்குறிப்பு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

இதில் எங்கள் குழு இரண்டு பட்டு நிற்கிறது. கலைஞரின் பெயர், ஆண்டு, அச்சின் வகை ஆகிய மூன்று மட்டும் போதும், அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு வரியும் பார்வையாளருக்கும் படத்துக்கும் நடுவே நந்தியாக நிற்கும் என்கிறார்கள் ஒரு சாரார். இவை ஆவணங்கள், ஆகவே யார், எந்த இடம், என்ன சரக்கு, என்ன கூலி என்று எல்லாவற்றையும் எழுதியே தீர வேண்டும் என்கிறார்கள் மற்றொரு சாரார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய அருங்காட்சியகத்தில், களைத்துப்போன ஒரு பெண்ணின் முகத்தின் முன் நெடுநேரம் நின்றேன். அருகிலிருந்த சிறிய அட்டையில் கலைஞரின் பெயரும், வெள்ளி ஜெலட்டின் அச்சு (கருப்பு வெள்ளைப் படங்களுக்கு வழக்கமான அச்சு வகை) என்பதும், அதன் நீள அகலமும் இருந்தன. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னதைவிடக் காகிதத்தைப் பற்றி அது அதிகமாகச் சொன்னது. அதே கட்டடத்தின் வேறொரு கூடத்தில் நேர்மாறான அனுபவம் ஏற்பட்டது: குறிப்புகளைப் படித்து முடிப்பதற்குள் படங்களைப் பார்க்கும் தெம்பு போய்விட்டது.

இத்துடன் இணைந்த இரண்டு ஐயங்களும் இருக்கின்றன. நாங்கள் தேர்ந்த 60 படங்களில் மிகச் சிலவற்றில்தான் அதில் இருப்பவரின் பெயர் கிடைக்கிறது. மற்றவர்களை எப்படிக் குறிப்பிடுவது? மேலும், பழைய அச்சுகள் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியவை. அவற்றையே வைப்பதா, பெரிதாக்கிப் புதிதாக அச்சிட்டு வைப்பதா? இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பெட்டகம் (பதில்)

அலைவாய் அவர்களுக்கு, எழுதத் தொடங்குமுன் ஒரு கேள்வி: படங்களைத் திருப்பிப் பார்த்தீர்களா?

ஒளிப்படத் தொகுப்புகளைப் பராமரிப்பதே என் தொழில் என்பதால் இதை முதலில் கேட்கிறேன். ஆவண ஒளிப்படத்துக்கு முன்பக்கம் எவ்வளவு முக்கியமோ, பின்பக்கமும் அவ்வளவு முக்கியம். கலைஞரின் ரப்பர் முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, அதைப் பயன்படுத்திய இதழ் ஒட்டிய தட்டச்சுத் துண்டு, எந்தப் பகுதியை வெட்டி அச்சிட வேண்டும் என்று போட்ட சிவப்புக் கோடு, பின்னாளில் வேறு கையெழுத்தில் சேர்ந்த திருத்தம் ஆகிய எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்தப் படம் எந்தெந்தக் கைகளைக் கடந்து உங்களிடம் வந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. ஆகவே 60 படங்களின் இரண்டு பக்கங்களையும் முதலில் பதிவு செய்யுங்கள். எத்தனை கையெழுத்துகள் தெரிகின்றன என்று தனியே குறித்து வையுங்கள். எந்தக் காரணம் கொண்டும் அச்சை நேரடியாக அட்டையில் ஒட்டிவிடாதீர்கள். மூலைகளில் காகிதப் பைகள் வைத்தோ, மெல்லிய ஜப்பானியக் காகிதத்தாலான கீல்களை மாவுப் பசையால் பொருத்தியோ தாங்கவைத்தால், நாளை யாரும் அதை எடுத்துப் பின்பக்கத்தைப் படிக்க முடியும்.

பழைய அச்சா புதிய அச்சா என்பதற்கு வருகிறேன். அவை இரண்டும் வேறுவேறு பொருள்கள். அக்காலத்தில் கலைஞரே இருட்டறையில் போட்ட சிறிய அச்சு, அவர் அந்தப் படத்தை எப்படிக் கண்டார் என்பதற்கான சான்று. இன்று நெகட்டிவிலிருந்தோ ஸ்கேனிலிருந்தோ பெரிதாக்கிப் போடும் அச்சு, நீங்கள் அதை எப்படிக் காண்கிறீர்கள் என்பதற்கான சான்று. செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் 1880களின் இறுதியில் நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளை எடுத்த படங்களை அவர் காலத்தவர் பெரும்பாலும் திரையில் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் காட்சிகளிலும், நூலில் கோட்டோவியங்களாகவும் மங்கலான அச்சுகளாகவும்தான் பார்த்தார்கள். அவருடைய நெகட்டிவ்களிலிருந்து அலெக்சாண்டர் ஆலண்ட் புதிதாகப் போட்ட கூர்மையான அச்சுகள் 1947ஆம் ஆண்டு நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட பிறகே, ரீஸ் ஓர் ஒளிப்படக் கலைஞராகப் பேசப்படலானார். பெரிதாக்குவது பிழையன்று. ஆனால் ‘புதிய அச்சு, இன்ன ஆண்டில் அச்சிடப்பட்டது’ என்று எழுதாமல் விடுவது பிழை.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாக: வண்ண அச்சுகளுக்கும் மிகப் பழைய அச்சுகளுக்கும் 50 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) என்பதே வழக்கமான வரம்பு, நன்றாகக் கழுவிப் பதப்படுத்திய வெள்ளி ஜெலட்டின் அச்சுக்குச் சிறிது கூடுதலாக அனுமதிக்கலாம். ஒளியால் வரும் சேதம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும், மீளாது. ஆகவே மூல அச்சுகளைச் சில மாதங்களுக்கு மேல் சுவரில் விடாதீர்கள்.


கருப்புவெள்ளை (பதில்)

நான் இரண்டாம் சாராரின் பக்கம். குறிப்பு இல்லாத ஆவண ஒளிப்படம் என்று ஒன்று இருக்க முடியாது என்பதே என் கருத்து. குறிப்பை நீங்கள் எழுதாவிட்டால், பார்ப்பவர் தன் மனத்துக்குள் தானே ஒன்றை எழுதிக்கொள்வார், அது பெரும்பாலும் பழகிப்போன ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்தத் துறையில் அதிகமாகப் பார்க்கப்பட்ட படத்தையே எடுத்துக்கொள்வோம். 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம், கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிப்போரின் முகாம் ஒன்றில் டோரதியா லேஞ்ச் ஒரு தாயையும் குழந்தைகளையும் எடுத்தார். அவர் அப்போது அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்துக்காகப் பணியாற்றினார். அடுத்த ஆண்டு அதுவே பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்று பெயர் மாறியது. வறுமையில் வாடும் பட்டாணி பறிப்போர், ஏழு குழந்தைகளின் தாய், வயது 32 என்பதுதான் அந்தப் படத்துடன் சென்ற செய்தி. அந்தப் பெண்ணின் பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என்று லேஞ்சே பின்னாளில் எழுதியிருக்கிறார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற பொதுப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978ஆம் ஆண்டில்தான், படம் எடுத்து 42 ஆண்டுகள் கழித்து, வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர் செரோக்கி இனத்தைச் சேர்ந்தவர். அதாவது வெள்ளையின உழவர்களின் துயரத்துக்கு முகமாக உலகம் முழுவதும் மாட்டப்பட்ட படத்தில் இருந்தவர் ஒரு பூர்வகுடிப் பெண். அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்திச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. காரின் டயர்களை விற்று உணவு வாங்கினார்கள் என்று லேஞ்ச் எழுதியதை அந்தக் குடும்பத்தினர் மறுத்தார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தப் படம் குறைந்துபோகிறதா என்றால், எனக்கு இல்லை. ஆனால் வேறு படமாகிவிடுகிறது. முன்பு அந்தத் தாயின் பார்வையில் தெரிந்த பொதுவான கவலைக்குப் பின்னால் இப்போது ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்கிறார், அவருக்கு அந்தப் படத்தின் மீதே ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தின் கீழ் வலது ஓரத்தில் கூடாரக் கம்பைப் பற்றியிருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. 1930களின் இறுதியில் லேஞ்ச் அதை நெகட்டிவிலேயே ரீடச் செய்து மங்கவைத்தார். அதே நிர்வாகத்துக்காகப் பணியாற்றிய ஆர்தர் ராத்ஸ்டைன், 1936ஆம் ஆண்டு தெற்கு டகோட்டாவின் வறண்ட நிலத்தில் கிடந்த ஒரு மாட்டின் மண்டையோட்டைச் சில அடி தூரம் நகர்த்தி வைத்து எடுத்தார் என்பது தெரிந்தபோது, அரசுக்கு எதிரான நாளேடுகள் அந்த நிர்வாகத்தின் திட்டம் முழுவதையும் பொய் என்று சாடின. கட்டைவிரலை மறைத்ததும் மண்டையோட்டை நகர்த்தியதும் ஒரே அளவான தவறுகளா என்று நீண்ட காலமாகப் பலர் வாதிட்டு வருகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. காட்சி அமைப்பவர் இவற்றை அறிந்திருந்தும் சுவரில் எழுதாமல் விட்டால், பின்பு வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்லும்போது உங்கள் 60 படங்களும் சேர்ந்தே ஐயத்துக்கு உள்ளாகும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஆகவே அலைவாய் அவர்களே, உங்கள் கலைஞர் தொழிலாளர்களை நிற்கச் சொல்லி எடுத்தாரா, அவர்கள் வேலை செய்யும்போது எடுத்தாரா, யாருடைய செலவில் எடுத்தார், துறைமுக நிர்வாகத்துக்காகவா, தொழிற்சங்கத்துக்காகவா, தம் விருப்பத்தாலா என்பவற்றை விசாரியுங்கள். என் அளவில், கூலியைவிட இந்தக் கேள்விக்கான விடை முக்கியமானது. சம்பளம் கொடுத்தவர் யார் என்பது கேமரா எங்கே நின்றது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.


வெற்றுச்சுவர் (பதில்)

கருப்புவெள்ளை நண்பர் சொன்னவற்றில் ஓர் உண்மையையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய பதிலை அப்படியே சுவரில் ஏற்றினால், அங்கே படத்துக்கு இடமிருக்காது என்று மட்டும் அன்புடன் சொல்லிக்கொள்கிறேன்.

குறைவாக எழுதுவோர் சோம்பேறிகள் அல்லர். வாக்கர் எவன்ஸ் 1938ஆம் ஆண்டு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார்; அந்த அருங்காட்சியகம் ஒரே ஒளிப்படக் கலைஞருக்கென்று ஒதுக்கிய முதல் காட்சி அது. அதையொட்டி வந்த நூலில் 87 படங்கள் வலப்பக்கங்களில் மட்டும் இருந்தன. எதிர்ப்பக்கம் வெறுமையாக விடப்பட்டது, இடமும் ஆண்டும் பகுதியின் இறுதியில் பட்டியலாகத் தரப்பட்டன. எவன்ஸ் தகவலை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை வேறோர் இடத்தில் வைத்தார், அவ்வளவுதான். முதலில் பார், பிறகு தெரிந்துகொள் என்பது அவர் வகுத்த வரிசை. 1967ஆம் ஆண்டு அதே அருங்காட்சியகத்தில் ஒளிப்படத் துறையின் இயக்குநராக இருந்த ஜான் சார்கோவ்ஸ்கி, கலைஞர்கள் டயான் ஆர்பஸ், லீ ஃபிரீட்லாண்டர், கேரி வினோகிராண்ட் ஆகிய மூவரின் படங்களைச் சேர்த்து ஒரு காட்சி அமைத்தபோது, இவர்களுடைய நோக்கம் வாழ்க்கையைத் திருத்துவதன்று, அதை அறிவதே என்ற பொருளில் சுவரில் எழுதினார். அத்தகைய படங்களுக்கு நீண்ட சமூக விளக்கம் தைத்தால், அவை சொல்லாததையெல்லாம் சொல்லவைத்த குற்றம் நம்மைச் சேரும்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறு. ‘எவ்வளவு எழுதுவது’ என்ற கேள்வியே உங்கள் குழுவைத் தவறான இடத்தில் பிரித்திருக்கிறது என்று நினைக்கிறேன். எட்வர்ட் ஸ்டைகன் 1955ஆம் ஆண்டு அதே அருங்காட்சியகத்தில் அமைத்த ‘மனிதக் குடும்பம்’ காட்சியை நினைத்துப் பாருங்கள். 68 நாடுகளிலிருந்து 273 கலைஞர்களின் 503 படங்கள். கட்டடக் கலைஞர் பால் ருடால்ஃப் வடிவமைத்த கூடத்தில் படங்கள் சட்டமில்லாமல் தொங்கின, சுவரை நிறைத்தன, கம்பங்களில் நின்றன. உலகம் சுற்றிய அந்தக் காட்சியை 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 1994 முதல் அது லக்சம்பர்க்கின் கிளேர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது, 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்ந்தது. அந்தச் சுவர்களில் எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. வேதங்கள், பழமொழிகள், கவிதை வரிகள் என்று பல நாட்டு வாசகங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் அருகில் நாடும் கலைஞரும் தவிர ஏறக்குறைய ஒன்றும் இல்லை. எந்த ஆண்டு, ஏன் அழுகிறார்கள், யார் காரணம் என்பவை இல்லை. பிறப்பும் உழைப்பும் சாவும் எங்கும் ஒன்றே என்று காட்டினால் வரலாறு காணாமல் போகிறது, எல்லா உழைப்பும் ஒன்றன்று என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் அதைக் கடுமையாக விமர்சித்தார். அங்கே எழுத்து நிறைய இருந்தது, தகவல்தான் இல்லை.

உங்கள் துறைமுகப் படங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ‘உழைப்பின் வியர்வை’ என்று ஒரு வரியைப் பெரிய எழுத்தில் நுழைவாயிலில் எழுதும் ஆசை யாருக்காவது வரும். தயவுசெய்து அதைத் தடுத்துவிடுங்கள். அதைவிட, ஒரு சாக்கு எத்தனை கிலோ என்று எழுதுங்கள். மூட்டையின் எடையைத் தெரிந்துகொண்டவர் அடுத்த படத்தில் வளைந்திருக்கும் முதுகைத் தானே வேறுவிதமாகப் பார்ப்பார். ஓர் உவமையும் தேவைப்படாது.

நடைமுறையில் நான் செய்வது இது. படத்துக்கு அருகே ஓரிரு வரிகள். கூடத்தின் தொடக்கத்தில், ஒருவர் நின்றபடி ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடக்கூடிய சுவர்க்குறிப்பு. மீதி அனைத்தும் கையில் எடுத்துச் செல்லும் தாளிலோ, உட்கார்ந்து புரட்டும் கோப்பிலோ இருக்கும். காண்டாக்ட் ஷீட் (ஒரு படச்சுருளின் படங்களையெல்லாம் சிறிய அளவில் ஒரே தாளில் அச்சிட்டது) கிடைத்தால் அதன் நகலை ஒரு மேசையில் வையுங்கள். ஒரே காட்சியைக் கலைஞர் எத்தனை முறை, எந்தெந்தக் கோணத்தில் எடுத்து, எதைத் தேர்ந்தார் என்பதைப் பார்வையாளர் நேரில் கண்டுகொண்டால், நிற்கவைத்து எடுத்தாரா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.


தாழ்வாரம் (பதில்)

பெயர்களைப் பற்றிய ஐயத்துக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் பார்வையில் அதுவே இந்த இழையின் மையம், மற்றவை அதன் பிறகு வருபவை.

1997ஆம் ஆண்டு நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 22 முகப்படங்கள் வைக்கப்பட்டன. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில், 1975க்கும் 1979க்கும் இடையில், கெமர் ரூஜ் ஆட்சியினர் கைதிகளைப் பதிவு செய்வதற்காக எடுத்தவை அவை. அங்கே கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானோரில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே உயிர் தப்பினார்கள். கொல்பவனின் கேமராவுக்கு முன் நின்றவர்களுடைய முகங்களைப் பெயரில்லாமல், போதிய விளக்கமில்லாமல், ஒரு கலைக்கூடத்தின் அமைதியான சுவரில் மாட்டலாமா என்று அப்போது எழுந்த கண்டனம் இன்றும் ஓயவில்லை. இது உச்சகட்டமான எடுத்துக்காட்டு என்பது எனக்குத் தெரியும். உங்கள் தொழிலாளர்கள் யாருக்கும் கைதிகள் அல்லர். ஆயினும் கேள்வி ஒன்றே: படத்தில் இருப்பவர் தம்மைக் காட்டிக்கொண்டாரா, காட்டப்பட்டாரா?

படத்தில் இருப்பவரின் குடும்பத்துக்கு அதில் ஒரு சொல் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட நிகழ்வும் இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட மகளைக் குளியல் தொட்டியில் தாங்கியிருக்கும் தாயை அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித் 1970களின் தொடக்கத்தில் எடுத்தார். மகள் மறைந்து பல ஆண்டுகளான பின்னும் அந்த உடல் உலகெங்கும் அச்சாகிக்கொண்டிருந்தது பெற்றோருக்கு வேதனை அளித்தது. யூஜினுடன் மினமாட்டாவில் பணியாற்றியவரும் படத்தின் உரிமையை வைத்திருந்தவருமான ஐலீன் ஸ்மித் 1998ஆம் ஆண்டு அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோருக்கே அளித்தார், புதிய வெளியீடுகளுக்கு அந்தப் படம் தரப்படுவது நின்றது. நச்சுக் கழிவுக்கு எதிராக உலகின் மனச்சாட்சியை உலுக்கிய படம் அது. அப்படிப்பட்ட படத்துக்கே இது பொருந்தும் என்றால், நம் காட்சிக்குப் பொருந்தாது என்று எப்படிச் சொல்வது? உங்கள் கலைஞரின் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு மகனோ பேத்தியோ வந்து இதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் என்ன செய்வது என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே குழு முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி, பெயர் தெரியாதவர்களை எப்படிக் குறிப்பிடுவது? ‘ஒரு தொழிலாளி’ என்று எழுதினால், அவருக்குப் பெயர் தேவையில்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. ‘பெயர் பதிவாகவில்லை’ என்று எழுதினால், பதிவு செய்யத் தவறியது நாம்தான் என்பது புலப்படும். நான் இரண்டாவதையே எழுதுவேன். அதற்குக் கீழே ‘இவரை அறிந்தவர்கள் சொல்லலாம்’ என்று ஒரு வரி சேர்த்து, எழுதிப் போட ஓர் இடமும் வையுங்கள். இது சடங்குக்காகச் செய்வது அன்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008ஆம் ஆண்டு ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் பழைய செய்திப் படங்களைப் பொதுவில் வைத்தபோது, எங்கெங்கோ இருந்தவர்கள் படங்களில் இருந்த மனிதர்களையும் இடங்களையும் அடையாளம் சொன்னார்கள், சரிபார்த்த பிறகு நூலகத்தின் பதிவேடுகளே திருத்தப்பட்டன. உங்களிடம் இருப்பவை ஒரே துறைமுகத்தின் படங்கள் என்பதால் உங்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனால் முதலில் வரும் பெயரை உடனே அச்சிட்டுவிடாதீர்கள். ஒரே முகத்துக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடும் நிலையும் வரலாம். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

முடிந்தால் படங்களின் நகல்களை அவை எடுக்கப்பட்ட இடத்துக்கே கொண்டுசெல்லுங்கள். நிகராகுவாவில் 1978, 1979ஆம் ஆண்டுகளில் எழுச்சியைப் படமெடுத்த சூசன் மைசலஸ், 25 ஆண்டுகள் கழித்து 2004ஆம் ஆண்டு திரும்பிச் சென்று, 19 படங்களைச் சுவரளவு பெரிதாக்கி, அவை எடுக்கப்பட்ட அதே இடங்களில் நிறுவினார். அங்கே நின்று பார்த்தவர்களுக்கு அது கலைப்படைப்பு அன்று, தங்கள் தெரு. அருங்காட்சியகத்துக்கு வரும் பழக்கமே இல்லாதவர்கள்தான் உங்கள் படங்களில் இருப்பவர்களை அறிந்திருக்கப் போகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.


அலைவாய்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரங்களாகத் தாங்கள் சொன்னவற்றைச் செய்துகொண்டிருந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

பெட்டகம் அவர்கள் சொன்னபடி எல்லாப் படங்களையும் திருப்பினோம். மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. முதலாவது கலைஞருடையது என்பதை வேறோர் ஆவணத்துடன் ஒப்பிட்டு உறுதி செய்தோம். இரண்டாவது யாருடையது என்பது தெரியவில்லை. அதுதான் ஒரு படத்தின் பின்புறம் ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எழுதி, மீதியைத் தண்ணீர்க் கறைக்குக் கொடுத்துவிட்டிருக்கிறது. மூன்றாவது அண்மைக்காலப் பேனா. மேலும், ஏழு படங்களின் பின்புறம் துறைமுக நிர்வாகத்தின் முத்திரை இருப்பதைக் கண்டோம். அந்த ஏழிலும் தொழிலாளர்கள் கேமராவை நோக்கி வரிசையாக நிற்கிறார்கள், உடைகள் சுத்தமாக இருக்கின்றன. முத்திரை இல்லாத படங்களில் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. இதைக் கண்டபோது எங்கள் குழுவில் இருந்த சச்சரவு பெரும்பாலும் அடங்கிவிட்டது. இரண்டு வகைப் படங்களையும் கலந்து மாட்டாமல் எதிரெதிர்ச் சுவர்களில் மாட்டவும், முத்திரையுள்ள ஒரு படத்தை இருபுறமும் தெரியும்படி கண்ணாடிப் பேழையில் நிறுத்தவும் முடிவு செய்திருக்கிறோம். மூல அச்சுகள் எல்லாம் சிறியனவாகவே இருக்கும். நான்கு படங்களை மட்டும் பெரிதாக்குகிறோம், புதிய அச்சு என்ற குறிப்புடன்.

ஒரு குறிப்பை மாதிரிக்காகக் கீழே தருகிறேன். தாங்கள் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

‘இரண்டாம் தளமேடை, சாக்கு இறக்கும் வேளை. படத்தில் இருப்பவரின் பெயர் பதிவாகவில்லை. பின்புறத்தில் கலைஞர் பென்சிலில் எழுதியது: மூட்டை தூக்குபவர், காலை 6 மணி. இவரை அறிந்தவர்கள் எங்களிடம் சொல்லலாம்.’


கருப்புவெள்ளை

குறிப்பு அளவாக இருக்கிறது. வெற்றுச்சுவர் நண்பரிடம் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேள்வி. பென்சில் குறிப்பில் கலைஞர் உண்மையிலேயே ‘தூக்குபவர்’ என்றா எழுதியிருக்கிறார்?


அலைவாய்

நன்றாகக் கேட்டீர்கள். ‘தூக்குபவன்’ என்றுதான் எழுதியிருக்கிறார். இன்று ஒரு தொழிலாளியை அப்படிச் சுவரில் எழுதுவது மரியாதையாக இராது என்று எண்ணி நான்தான் ‘அர்’ விகுதியாக மாற்றினேன்.


தாழ்வாரம்

மாற்றியதன் நோக்கம் புரிகிறது. ஆனால் அந்த ‘அன்’ விகுதியும் ஆவணம்தான். முத்திரையிட்ட ஏழு படங்களின் பின்புறம் மேற்பார்வையாளரை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? அவருக்கு ‘அர்’ போட்டிருந்தால், இரண்டையும் எழுதியவாறே மேற்கோள் குறிக்குள் வைத்துவிடுங்கள். உங்கள் சொந்த வாக்கியம் மட்டும் மரியாதைப் பன்மையில் இருக்கட்டும். எது யாருடைய சொல் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.


அலைவாய்

இப்போதுதான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். மேற்பார்வையாளருக்கு ‘அர்’ மட்டும் அன்று, பெயரும் முதலெழுத்துகளும் இருக்கின்றன. குறிப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.